புதுக் குழாய் குடித்த நாற்றம்

சாயோ திட்டினால்தான் எவாரிஸ்தோவுக்கு அளவு தெரியும்.

மாதத்துக்கு ஒரு தடவை அவளுடைய சலவைக் கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்துவார். கேஸ் மீட்டரில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை மோப்பப் பெட்டியில் செருகி, பெட்டியின் தலையிலிருக்கும் புனலுக்கு நேராக முகத்தைத் தாழ்த்திக்கொண்டு திருகை மெல்லத் திறப்பார். காற்றோடு கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வரும். நூற்றில் புள்ளி ஒன்று. புள்ளி இரண்டு. புள்ளி மூன்றுக்கு வரும்போது கடையின் பின்கதவு படாரென்று திறக்கும்.

"யோவ் பெரியவரே, மூடுய்யா அந்தச் சனியன! துவைச்ச துணி பூரா அழுகின முட்ட நாத்தம் ஏறுது!"

"முடிஞ்சுது தாயி, முடிஞ்சுது."

புள்ளி மூன்று என்று தாளில் எழுதுவார். கையெழுத்துப் போடுவார். அவருடைய மூக்குக்கு மட்டும் ஒன்றும் வந்திருக்காது.

முந்தின குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஊரெல்லாம் படுத்த காய்ச்சலில் அவரும் படுத்தார். எழுந்தபோது காப்பி வெந்நீராக இருந்தது. சோப்பும் சாணியும் ஒன்றாக இருந்தன. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது அவருக்கு வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டார்.

ஹாலிஸிடம் சொல்லியிருக்கலாம். ஹாலிஸ் அவருக்கு மேலதிகாரி. சொன்னால் என்ன வேலை கொடுப்பான்? இருபத்தாறு வருடம் குழாய் பதிக்கக் குழி தோண்டிய கால்கள். ஒரு நாள் குழியின் கரை சரிந்து இரண்டு முழங்கால்களையும் நசுக்கிய பிறகுதான், 'உனக்கு மூக்கு நல்ல மூக்குய்யா' என்று சொல்லி இந்த மோப்ப வேலையைக் கொடுத்தார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். மூக்கும் போனால் அவரிடம் கம்பெனிக்கு வேண்டிய உறுப்பு எதுவும் மிச்சமில்லை.

அந்தப் பெட்டிக்கு மூக்குக் கிடையாது. வெளியாருக்கு இது தெரியாது. காற்றில் கேஸ் எவ்வளவு என்பதைத்தான் பெட்டி சொல்லும். நாறுகிறதா இல்லையா என்பதை ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டும். சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. எத்தனை கேஸ் கலந்தால் காற்று பற்றிக்கொள்ளுமோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றில் புள்ளி ஒன்பது, கலக்கும்போதே சாதாரண மூக்குள்ள எந்த மனிதனும் கண்டுபிடித்துவிட வேண்டும். பூமிக்கடியிலிருந்து வருகிற கேஸுக்குச் சொந்தமாக ஒரு வாடையும் கிடையாது. கருவேலங்காட்டுக்குள் மைல் கணக்காக ஓடும் பெரிய லைனில் அது வாடையில்லாமலேதான் போகிறது. அங்கே மாடுகளும் பாம்புகளும்தான், சட்டமும் விட்டுவிடுகிறது. வீடுகள் நெருங்குகிற இடத்தில்தான் சொட்டுச் சொட்டாக நாற்ற மருந்தைச் சேர்க்க வேண்டும். மாநிலத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், வாடையில்லாத கேஸில் வெடித்து, முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்த பிறகு வந்த வழக்கம் இது என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்.

எல்லாம் தெரிந்துதான் எவாரிஸ்தோ அடுத்தவர் முகத்தைப் பார்த்து எழுதினார். மொகோத்தே ஊரில் அவருக்குப் பதினோரு இடம். பதினோரு இடத்திலும் யாராவது நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனார். முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோல் நிற்கும். டயர் கடைக்காரன் காறித் துப்புவான். கோயில் பின்புறம் மனிதர் யாரும் கிடையாது, பாதிரியாரின் நாய் படுத்திருக்கும்; புள்ளி மூன்றில் எழுந்து போய்விடும். நாயை நம்பியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதனாலேயே பயம் விட்டுப்போயிருந்தது.

பன்னிரண்டாவது இடமாக வந்தது புதுப் பள்ளிக்கூடம்.

ஊருக்கு வெளியே, காட்டை வெட்டிக் கட்டினார்கள். பெரிய லைனிலிருந்து நேராக மூன்று மைலுக்குப் புது இரும்புக் குழாய் போட்டு, அதன் தலையில் நாற்ற மருந்துக்கென்று தனியாக ஒரு தொட்டி வைத்தார்கள். புது இரும்பு நாற்றத்தைக் குடிக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். முதல் வாரம் இரண்டு வாரம் மருந்தை அளவுக்கு மேல் விட்டு, குழாயின் தாகம் அடங்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹாலிஸ் இரண்டு நாள் விட்டான்.

"ரெண்டு நாள் போதுமா பாஸ்?" என்று எவாரிஸ்தோ கேட்டார்தான்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. நீ வெள்ளிக்கிழமை போய் மோந்து பாரு. மணந்தா சரி, மணக்கலேன்னா இன்னும் விடுவோம். அதுக்குத்தானே உன் மூக்கு?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார். பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. புனலுக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு திருகைத் திறந்தார். புள்ளி மூன்று. புள்ளி நான்கு. சுற்றிலும் பார்த்தார். திட்டுவதற்கு ஒருத்தரும் இல்லை. எல்லா இடத்திலும் புள்ளி மூன்றுதான் வருகிறது, இங்கே மட்டும் என்ன வந்துவிடப்போகிறது என்று புள்ளி மூன்று எழுதினார்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் பள்ளிக்கூடத்தின் சமையலறைப் பின்வாசலுக்கு வந்தது மோந்து பார்க்க அல்ல, சாப்பிட. அவருடைய மனைவி எர்லிந்தா அங்கே சமையல்காரி. பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் இதே வழக்கம்தான். அந்த நேரத்துக்கு வண்டி வரும், அவள் முட்டையும் பீன்ஸும் வைத்து மடித்த டாக்கோ இரண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டுவாள்.

ஆகஸ்ட் வெயில் தகரத்தை உருக்குவதுபோல அடித்தது. எர்லிந்தா வந்தாள். முகத்தில் ஏதோ குறைந்தாற்போல இருந்தது.

"என்ன கிழவி, புருவத்த எங்க காணோம்?"

"பாத்துட்டியா? காலைல இருந்து அந்தப் பொண்ணுக சிரிச்சு மாளல." அவளே சிரித்தாள். "புது அடுப்புதானே, எந்தத் திருகு எதுக்குன்னு இன்னும் கை பழகல. ஒண்ணத் திருகிட்டேன்போல. அது தெரியாம உருளக்கிழங்கு உரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அஞ்சு நிமிசம் இருக்கும். பெறகு பக்கத்து அடுப்பப் பத்த வச்சேன் பாரு, புஸ்ஸுன்னு ஆளு உசரம் எந்திரிச்சுது. புருவத்தோட போச்சு, மாதா காப்பாத்துனா."

அவர் டாக்கோவைக் கடித்தபடி நின்றுவிட்டார்.

"அஞ்சு நிமிசமா? நாத்தம் வரலையா?"

"அதான் அதிசயம்! பழைய அடுப்புல தீக்குச்சி உரசுறதுக்குள்ள குடலப் புடுங்கும். இங்க ஒரு பொட்டு நாத்தம் இல்ல. என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான், எம்புட்டு சுத்தமான கேஸு!"

வாயிலிருந்ததைத் துப்பினார்.

வண்டியின் பின்னாலிருந்து டிடெக்டரை எடுத்தார். கையடக்கமான மஞ்சள் டப்பா, கேஸைக் கண்டால் கீச்சிடும். நாற்றத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, கேஸை மட்டும் தெரியும். பற்றிக்கொள்ளும் அளவை நூறு என்று வைத்து, அதில் எத்தனை இருக்கிறது என்று சொல்லும். இருபது காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு. இருபதில் ஊரே மூக்கைப் பொத்த வேண்டும்.

சமையலறைக்குள் கொண்டுபோனார். அடுப்புகளின் மேல் ஒன்று, இரண்டு என்று ஆடியது. அது பரவாயில்லை. வேலை செய்கிற இரண்டு பெண்களும் வேடிக்கை பார்த்தார்கள். "என்ன பெரியவரே, பொண்டாட்டி புருவத்தத் தேடுறீங்களா?" என்றாள் ஒருத்தி.

அவர் சிரிக்கவில்லை. டிடெக்டர் கீச்சிடுவது வேகமாகிக்கொண்டிருந்தது. அது கூப்பிட்ட பக்கமெல்லாம் நடந்தார். சமையலறையைத் தாண்டி, பிள்ளைகளின் கழுவுமிடத்துக்கு முன்னால் ஒரு சின்ன அறை. கதவு சாத்தியிருந்தது. மண்டி போட்டு அடியிலிருந்த இடுக்கில் டப்பாவை வைத்தார். முப்பது. எழுந்து கையை உயர்த்தி மேல் இடுக்குக்குக் கொண்டுபோனார். அறுபத்திரண்டு. இடுக்கிலேயே இவ்வளவு என்றால் உள்ளே கூரையடியில் நூறைத் தாண்டியிருக்கும்.

"இந்த ரூம்புல என்ன இருக்கு?" என்றார். எர்லிந்தா பின்னாலேயே வந்திருந்தாள்.

"பிள்ளைங்க கை கழுவுறதுக்கு வெந்நீர் போடுற மிஷினு. கரண்டுப் பெட்டி. தொடப்பம். பால்காரன் காலைல ஏழெட்டுப் பெட்டியத் தூக்கி உள்ள எறிஞ்சுட்டுப் போனான், மிஷின்மேல இடிச்சுருப்பான்போல, ணங்குன்னு கேட்டுச்சு. ஏன்?"

"கதவத் தொறக்காதீங்க. லைட்டு ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்ப எல்லாம் மூடிட்டு வெளிய வாங்க."

"ஒண்ணும் மணக்கலையே கிழவா?"

"வெளிய வான்னேன்ல!"

முழங்கால் இருந்ததை மறந்து மீட்டருக்கு ஓடினார். ஸ்பானரைப் போட்டு வால்வைத் திருகினார். கால் சுற்று, குறுக்கே நின்றது. கேஸ் நின்றது. மூச்சு வாங்க அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததை மறைக்க முடியாது. இனிமேல் கேஸ் வராது. அந்த அறையின் வெளிச்சுவரில் காற்றுப் போகும் சல்லடை இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். பால்காரன் இடித்த இணைப்பைத் தாமே முறுக்கிவிடலாம். ராத்திரி குழாயின் தலைக்குப் போய் நாற்ற மருந்தைக் கூட்டி விட்டுவிட்டால், ஒரு வாரத்தில் புள்ளி மூன்று உண்மையாகவே புள்ளி மூன்றாகிவிடும். யாருக்கும் தெரியாது. மூன்று வருடம்.

உள்ளே எங்கேயோ நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"எர்லிந்தா! சாப்பாட்டுக்கு எப்ப வருவாங்க?"

"பதினொண்ணுக்கு. பத்து அம்பதுக்குக் கை கழுவ வரிசை விடுவாங்க. சின்னப் பிள்ளைங்க முதல்ல."

கை கழுவினால் வெந்நீர் ஓடும். வெந்நீர் ஓடினால் அந்த அறைக்குள் இருக்கிற மிஷின் தானாக விழித்துக்கொள்ளும். தானாக ஒரு பொறியைத் தட்டும். கேஸ் வருகிறதோ இல்லையோ, பொறியைத் தட்டத்தான் தட்டும்.

மணி பத்து நாற்பத்தொன்று.

"கிழவி, நான் சொல்றதக் கேளு. அந்தக் கழுவுற இடத்து வாசல்ல போய் நில்லு. கதவு வெளிப்பக்கம்தானே? உள்ள போகாத, வாசல்லயே நில்லு. ஒரு பிள்ளைகூடக் குழாயத் தொறக்கக் கூடாது. அடிச்சாலும் பரவால்ல, விடாத."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த நீளக் கரண்டியோடு போனாள்.

தலைமையாசிரியை மிஸ் ஓலிவாரெஸ் தன் அறையில் இல்லை. கூரை போட்ட நடைபாதையில், வரிசையாக வந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து வந்தார். குள்ளமான மனுஷி, கழுத்தில் விசில்.

"மிஸ், பிள்ளைங்கள எல்லாம் வெளிய கொண்டுபோகணும். இப்பவே. மைதானத்துக்கு அந்தப் பக்கம். கேஸ் கசிஞ்சிருக்கு."

மிஸ் ஓலிவாரெஸ் நின்று, தலையை நிமிர்த்தி, இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த டீச்சரும் இழுத்துப் பார்த்தாள்.

"எதுவும் மணக்கலையே?"

"மணக்காது மிஸ். ஆனா இருக்கு." டிடெக்டரைக் காட்டினார்.

"தோன் எவாரிஸ்தோ," என்றார் அவர் பொறுமையாக. எர்லிந்தாவின் கணவர் என்பதால்தான் அந்தப் பொறுமையும் 'தோன்' என்ற மரியாதையும். "திங்கக்கிழமை இதே மாதிரி ஒரு மிஷின் கத்துச்சு. நெருப்பு மிஷின். முந்நூத்திப் பத்துப் பிள்ளைகளையும் இந்த வெயில்ல நிறுத்துனோம். ரெண்டு பிள்ள மயங்கி விழுந்துச்சு. பெத்தவங்க என்ன உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. கடைசில பாத்தா பூச்சி புகுந்திருக்கு. கேஸு கசிஞ்சா மணக்கும்னு உங்க கம்பெனிதான் பிள்ளைங்களுக்குப் படம் போட்டுக் காட்டுனீங்க. நீங்க கையெழுத்துப் போட்ட தாள் என் மேசைல இருக்கு, நல்லா மணக்குதுன்னு."

"தெரியும் மிஸ்."

"இருங்க, உங்க ஆபீசக் கேட்டுக்குவோம்."

"அப்ப வெளிய வந்து பேசுங்க. இங்க வேண்டாம்."

முற்றத்தின் நடுவுக்கு அவரை ஏறக்குறைய தள்ளிக்கொண்டு போனார். பின்னால் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசை கழுவுமிடத்து வாசலுக்கு வந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு எர்லிந்தா, கரண்டியைக் குறுக்கே பிடித்து நின்றாள். "கை அழுக்கா இருந்தாலும் பரவால்லடா கண்ணுகளா, இன்னிக்கு அப்படியே சாப்பிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரித்தன. ஒரு பையன் அவள் கைக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தான். காதைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

போனில் ஹாலிஸின் குரல் உரக்க வந்தது. மிஸ் ஓலிவாரெஸ் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்.

"யாரு, எவாரிஸ்தோவா? என்னய்யா ரகளை?"

"பாஸ், வெந்நீர் ரூம்புல அறுபத்திரண்டு காட்டுது. வால்வ மூடிட்டேன். ஆளுகள வெளியேத்தச் சொல்லுங்க."

"அறுபத்திரண்டா? அறுபத்திரண்டு இருந்தா அங்க ஒருத்தன் நிக்க முடியுமா? நாத்தம் தாங்குமா? டிடெக்டர் கெட்டுப்போயிருக்கும். வெயில்ல வண்டிலயே போட்டு வச்சிருப்ப."

"கெடல பாஸ். புதுக் குழாய் மருந்தக் குடிச்சிருச்சு. நாத்தம் இங்க வந்து சேரல."

"எப்படிச் சேராம இருக்கும்? வெள்ளிக்கிழமை நீதானே மோந்து பாத்த? புள்ளி மூணுல மணக்குதுன்னு நீதானே எழுதுன?"

"ஆமா."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை மணந்தது புதன்கிழமை மணக்காதா? அங்க நிக்கிற இத்தன சனத்துக்கும் மூக்கு இல்லையா?"

மிஸ் ஓலிவாரெஸ் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல. நடைபாதையில் இரண்டாவது வரிசை வந்து சேர்ந்தது. டீச்சர் எர்லிந்தாவிடம் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுவுமிடத்துக்கு உள்பக்கமாகவும் ஒரு கதவு உண்டு என்பது அப்போதுதான் எவாரிஸ்தோவுக்கு நினைவு வந்தது.

அவர் எழுதிய தாள் ஒன்றுதான் அத்தனை பேரையும் அந்தக் கட்டடத்துக்குள் பிடித்து வைத்திருந்தது.

"அவங்களுக்கு மூக்கு இருக்கு பாஸ்," என்றார். "எனக்குத்தான் இல்ல."

அவர் மிஸ் ஓலிவாரெஸ் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல்ல போச்சு. ஒன்றர வருசமாச்சு. ஒரு மண்ணும் தெரியாது எனக்கு. அடுத்தவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து எழுதுனேன். வெள்ளிக்கிழமை பாக்குறதுக்கு மூஞ்சி இல்ல. சும்மா எழுதுனேன். அந்தத் தாள் பொய்யி மிஸ். நான் எழுதுன பொய்யி. பிள்ளைங்கள வெளிய விடுங்க."

அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் எர்லிந்தாவின் தலை திரும்பியது.

மிஸ் ஓலிவாரெஸ் இரண்டு நொடி நின்றார். பிறகு அந்தக் குள்ள உருவம் சுவரிலிருந்த சிவப்பு அபாய மணியை நோக்கி ஓடியது. எவாரிஸ்தோ அதைவிட வேகமாக ஓடிக் கையைப் பிடித்தார். ஒரு தலைமையாசிரியையின் கையை அப்படிப் பிடிப்பார் என்று முந்தின நாள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

"மணி வேண்டாம்! அதோட கரண்டுப் பெட்டி அந்த ரூம்புக்குள்ளதான் இருக்கு. வாயாலயே சொல்லுங்க. ரூம்பு ரூம்பாப் போங்க. லைட்ட அணைக்க வேண்டாம், அப்படியே போட்டது போட்டபடி வரச் சொல்லுங்க."

மிஸ் ஓலிவாரெஸ் கழுத்து விசிலைக்கூட ஊதவில்லை. ஓடினார். வகுப்பு வகுப்பாகக் கதவைத் தட்டி, வாயில் விரலை வைத்து, கையைக் காட்டினார். எவாரிஸ்தோ கழுவுமிடத்து உள்கதவுக்கு ஓடினார். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி குழாய்க்கு முன்னால், கைநிறையப் பெயின்ட்டோடு, முழங்கையால் பிடியைத் தள்ளப் போய்க்கொண்டிருந்தாள்.

"கண்ணு, தொடாத!"

அவள் பயந்து கையைத் தூக்கிக்கொண்டாள். அவளை அப்படியே இடுப்போடு வாரிக்கொண்டு வெளியே வந்தார். நீலப் பெயின்ட் அவர் சட்டை முழுவதும் அப்பியது. முழங்கால் இரண்டும் நெருப்பாக எரிந்தன.

முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள் வெளியே வர ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் அவர் கழுவுமிடத்துக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தச் சின்ன அறை. ஏதாவது ஒரு குழாய் சொட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கடைசி டீச்சர் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்து கையை ஆட்டிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

தீயணைப்பு வண்டி வந்து, விசிறி வைத்துக் காற்றை இழுத்து, அந்த அறை பூஜ்யத்துக்கு இறங்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. மிஷினுக்குப் போகும் குழாயின் இணைப்பு பால் பெட்டியின் இடியில் தளர்ந்து கிடந்தது. பிள்ளைகள் கருவேல நிழலில் உட்கார்ந்து, கை கழுவாமல், டோர்ட்டியா ரொட்டியில் ஆறிப்போன பீன்ஸைச் சுருட்டித் தின்றார்கள்.

ஹாலிஸ் வந்தான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தபடி எவாரிஸ்தோவைத் தன் வண்டிக்குப் பின்பக்கம் கூட்டிப்போனான்.

"ஒன்றர வருசமா?"

"ஆமா பாஸ்."

"நல்லாப் பண்ணுன." வெகுநேரம் மண்ணை உதைத்தான். பிறகு குரலைத் தணித்தான். "இங்க பாரு. நாளைக்கு மாநிலத்துலேர்ந்து ஆள் வருவான். குழாய்க்கு எத்தன நாள் மருந்து குடுத்தீங்கன்னு கேப்பான். ரெண்டு நாள்னு நான் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மணந்துச்சு, பெறகு வெயில்ல என்னமோ மங்கிப்போச்சுன்னு நீ சொன்னா, அந்தத் தாள் அப்படியே இருக்கட்டும். உன் மூக்கப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த டீச்சரம்மா பதட்டத்துல ஏதோ தப்பாக் கேட்டுருக்கும். மூணு வருசம்தானே உனக்கு? மீட்டர் படிக்கப் போட்டுர்றேன்."

எவாரிஸ்தோ சாயோவை நினைத்துக்கொண்டிருந்தார். முடிதிருத்தும் கடையை. பாதிரியாரின் நாயை. பதினோரு இடம், ஒன்றரை வருடம், எல்லாம் அவர் கையெழுத்து. அவற்றில் எத்தனை சரி என்று அவருக்கே தெரியாது.

"மோப்பப் பெட்டி என் வண்டில இருக்கு," என்றார். "இப்பவே மறுபடி பாத்துருவோம் பாஸ்."

"யாரு பாக்குறது? நீயா?" ஹாலிஸ் சிரித்தான், வெறுப்போடு. "நானும் பாக்க முடியாது. காலைல இருந்து மருந்துத் தொட்டியக் கழுவிட்டு வர்றேன், உடம்பெல்லாம் அதுதான். என் மூக்கு இன்னிக்குச் செல்லாது."

"நான் பாக்குறேன்."

எர்லிந்தா பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. புருவம் இல்லாத முகத்தில் கோபத்தைப் பார்க்க விநோதமாக இருந்தது. கண்ணில் மட்டும்தான் இருந்தது.

"சாதாரண மூக்கு இருந்தாப் போதும்தானே? எனக்கு இருக்கு."

மீட்டரருகே போனார்கள். அறைக்குப் போகும் கிளையைத் தீயணைப்பு ஆட்கள் அடைத்துவிட்டிருந்ததால் லைனில் மட்டும் கேஸை விட்டார் எவாரிஸ்தோ. ரப்பர் குழாயை மாட்டினார். புனலைக் காட்டினார். அவள் குனிந்தாள்.

"பெட்டிதான் பாக்குதுன்னு சொன்னியே," என்றாள் புனலுக்குள் பார்த்தபடி. "மூக்கு போனா என்ன, எல்லாம் பெட்டி பாத்துக்கும்னு எங்கிட்ட சொன்னியே. அந்த அடுப்ப நான்தானே பத்த வச்சேன்."

"ஆமா."

"பேசாத. திருகு."

புள்ளி ஒன்று. மூக்கால் இழுத்தாள். "இல்ல."

புள்ளி இரண்டு. "இல்ல."

புள்ளி மூன்று. எவாரிஸ்தோ அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றரை வருடமாகப் பார்த்துப் பழகிய பார்வை. அந்த முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"இல்ல."

புள்ளி ஐந்து. புள்ளி ஏழு. ஹாலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டைப் பார்த்தான். புள்ளி ஒன்பது. சட்டம் வைத்த கோடு அதோடு முடிந்தது. இதற்குமேல் மணந்தாலும் பிரயோசனமில்லை. அவர் திருகை இன்னும் ஒரு கோடு நகர்த்தினார். அவள் நெடுநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்ல. ஒண்ணுமே இல்ல. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

எவாரிஸ்தோ வண்டியின் மூக்கில் தாளை வைத்தார். இடத்தின் பெயர், தேதி, நேரம். வாசனை தெரிந்த அளவு என்ற கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக, 'தெரியவில்லை' என்று எழுதினார். மோந்து பார்த்தவர் என்ற இடத்தில் எர்லிந்தாவின் பெயர். அவளிடம் பேனாவைக் கொடுத்தார், அவள் போட்டாள். அடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதில், வெள்ளிக்கிழமை எழுதியது பொய், எழுதினவனுக்கு மூக்கு இல்லை, மற்றப் பதினோரு இடத்தையும் வேறு ஆளை விட்டுப் பார்க்கவும் என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டார்.

ஹாலிஸ் தாளை வாங்கிப் படித்தான். கிழித்துவிடுவானோ என்று தோன்றியது. தலைமையாசிரியை மைதானத்திலிருந்து இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"வண்டிச் சாவி," என்றான்.

கொடுத்தார். மோப்பப் பெட்டியையும் டிடெக்டரையும் இறக்கிக் கொடுத்தார். சாப்பிடாமல் வைத்திருந்த இன்னொரு டாக்கோ இருக்கையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

எர்லிந்தாவின் பழைய காரில் வீட்டுக்குப் போனார்கள். அவள்தான் ஓட்டினாள். பெரிய லைன் சாலையைக் கடக்கும் இடத்தில், மஞ்சள் கம்பங்கள் கருவேலங்காட்டுக்குள் வரிசையாகப் போய் மறைந்தன.

"அந்தப் பெயின்ட் பிள்ள யாரு தெரியுமா?" என்றாள் அவள்.

"யாரு?"

"சாயோவோட தங்கச்சி மக."

அவர் சட்டையிலிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டார். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இந்தச் சட்டைய அவ கடைக்குக் கொண்டுபோகாத," என்றாள் எர்லிந்தா. "நான் வீட்டுலயே துவைக்கிறேன்."

அது மன்னிப்பா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. தாளைப் பிரித்து டாக்கோவைக் கடித்தார். எப்போதும்போல அதில் ஒரு வாசனையும் இல்லை.

"கெட்டுப்போயிருக்கப் போகுது, வெயில்ல கெடந்தது," என்று கையை நீட்டி வாங்கினாள். மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்.

"ம். தின்னு," என்று திருப்பிக் கொடுத்தாள்.